ஐரோப்பாவுக்குப் போன சோற்றுத் தட்டு

"உனக்கு இன்னா வேணும்னு நீ ஒண்ணியும் சொல்லலியே?"

"இன்னா வேணும்றது அப்பறம். இன்னா வேணாம்னு சொல்லட்டா?"

"சொல்லு."

"யாருக்காவவும் நான் துன்னாம உக்காந்துனு இருக்க மாட்டேன். அத மட்டும் என்னக் கேக்காதீங்க."

நகரியில் பெண் பார்க்கப் போன அன்று உதயாவுக்கும் சந்தியாவுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். அடுத்த அறையில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால், மாடிப்படிக்குக் கீழே நின்று இருவரும் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கடைசி வார்த்தைகளை அவள் சொல்ல ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. தறிகள் ஒரே மூச்சில் நின்றன. அவள் குரல் மட்டும் அதே உரத்தில் வீடு முழுக்க விழுந்தது. காபித் தட்டோடு வந்துகொண்டிருந்த அவள் அம்மா மல்லிகா நடுக்கூடத்தில் அப்படியே நின்றாள். அப்பா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். தினமும் தறியை நிறுத்திவிட்டுச் சீட்டாடப் போகிற அவர் எப்போது திரும்புகிறாரோ அப்போதுதான் மல்லிகா சோற்றில் கை வைப்பாள் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். உதயாவுக்குத் தெரியாது. அவன் அவசரமாக, "செரி, கேக்க மாட்டேன்" என்றான். மற்றவர்கள் வீடு கேட்கிறார்கள், நகை கேட்கிறார்கள். இந்தப் பெண் இவ்வளவுதானே கேட்கிறாள் என்று அன்றைக்கு அவனுக்கு லாபமாகவே பட்டது.

கொடுத்த வாக்கின் எடை பிறகுதான் தெரிந்தது. உதயா பிறந்து வளர்ந்த வீடு புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில். அவனுடைய நைனாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன காலத்தில், அந்த வீட்டில் யாரும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. முதலில் வந்தவர் முதலில் தின்றார். கடைசியில் வந்தவர் சட்டியைச் சுரண்டினார். அதில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பசி அப்படி. பள்ளிக்கூடத்து நண்பன் வீட்டில்தான் ஒருநாள் அதைப் பார்த்தான். நண்பனின் அம்மா மூடிவைத்த சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாசலைப் பார்த்தபடி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். காத்திருப்பது என்பது சோறு மிச்சம் இருக்கிற வீட்டுப் பழக்கம் என்று அவனுக்குத் தோன்றியது. சொந்தக் கிணறு வைத்திருப்பது மாதிரி. பின்னாளில் நைனா கொஞ்சம் நிலம் வாங்கினார், போர் போட்டார், வீட்டுக்குத் தளம் போட்டார். அந்த ஒன்று மட்டும் வீட்டுக்குள் வரவே இல்லை.

கல்யாணம் ஆனபின் சித்தூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். உதயாவுக்கு ஊருக்கு வெளியே மாங்கூழ் தொழிற்சாலையில், டின்களை லாரியேற்றி அனுப்பும் பிரிவில் வேலை. சந்தியா வேலைக்குத் திருப்பதி வரை பஸ்ஸில் போய்வந்தாள். மாம்பழ சீசனில் அவன் வீடு திரும்ப நேரமாகும். சட்டையெல்லாம் பழவாசனையோடு படியேறி வருவான். சோறு மூடியிருக்கும். அவள் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தோடு படுத்திருப்பாள். "சாம்பார சூடு பண்ணிக்கோ மாமா" என்பாள். பேச்சு பேச்சுதான். அவள் ஒரு நாளும் பிசகவில்லை.

சீசன் முடிந்தால் கதை தலைகீழ். பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டில் இருப்பான். அவளுடைய பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவன் சோறு வடித்து, ஏதாவது ஒரு குழம்பு வைத்து, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாடிப்படியின் மேல் படியில் போனோடு உட்கார்ந்துகொள்வான். தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவான். "துன்ட்டியா மாமா?" என்று அவள் கேட்டால், "எங்க, இப்பத்தான் பசிக்க ஆரமிச்சுது" என்பான். ஒரு நாளும் அவள் அதற்குமேல் கேட்டதில்லை. கவனிக்கிற பழக்கமே இவளுக்கு இல்லை என்று அவன் முடிவு செய்து வைத்திருந்தான்.

சந்தியாவின் வேலை என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதற்குள் அவனுக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும். ஐரோப்பாக் கம்பெனிகள் போன் செயலிகள் செய்கின்றன. அவற்றில் வருகிற ஆங்கில வாக்கியங்களை ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று அங்கங்கே உள்ளவர்கள் மொழிபெயர்க்கிறார்கள். எந்த வாக்கியத்தை யார், யாரிடம், எந்த நிலைமையில் சொல்கிறார்கள் என்று அவர்களுக்கு விளக்குவது திருப்பதி ஆபீஸின் பொறுப்பு. சந்தியாவுக்கு அந்த மொழிகளில் ஒன்றும் தெரியாது. ஆங்கிலம் தெரியும், மனுஷர்களைத் தெரியும். அது போதும் என்பாள்.

செப்டம்பரில் ஒரு வாக்கியம் வந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டது. அயர்லாந்தில் ஒரு கம்பெனி, இரவு வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒரு செயலி செய்திருந்தது. வேலை முடிய நேரமாகும் என்றால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். வீட்டுக்குச் செய்தி போய்விடும். டோன்ட் வெயிட் அப்.

"காத்திருக்காதன்னு போட வேண்டிதுதான? இதுல இன்னா இருக்குது?" என்றான் உதயா, சோற்றைப் பிசைந்தபடி.

"சும்மா காத்திருக்கிறது வேற மாமா, இது வேற. தூங்காம, படுக்காம, ஒருத்தர் வர்ற வரைக்கும் முழிச்சினு உக்காந்திருக்கிறது. அந்தச் சின்ன 'அப்'புக்குள்ள அவ்ளோ கீது." அவள் கண் விரிந்தது. டச்சுக்காரிக்கும் ஜெர்மன்காரருக்கும் அப்படியே ஒரு வார்த்தை இருக்கிறதாம், மேலே இருத்தல் என்கிற மாதிரி. ஸ்வீடன்காரருக்குப் பிரச்சினையே இல்லை, ஆங்கிலத்தை அச்சு எடுத்த மாதிரி அவர்கள் பேச்சிலும் உண்டு. பிரெஞ்சில், நீ படுப்பதற்கு என்னை எதிர்பார்க்காதே என்று சுற்றிவர வேண்டும். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் காத்திருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. "மத்தேயோ அதத்தான் கேக்கறார். யார் உக்காந்துனு இருக்காங்க, அவனா அவளான்னு."

மத்தேயோ டூரின் நகரத்து இத்தாலிக்காரன். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் 'அணைப்புடன்' என்று எழுதுகிறவன். அது அந்த ஊர் வழக்கம், நம் ஊரில் 'இப்படிக்கு' என்று போடுகிற மாதிரி என்று சந்தியா சொல்லியிருந்தாள். உதயாவும் தலையாட்டியிருந்தான். ஆனால் அதற்குப் பிறகு அவன் தன் போன் கடிகாரத்தில் இந்திய நேரத்துக்குக் கீழே ரோம் நகர நேரத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டான். தொழிற்சாலையில் டின்களுக்கு லேபிள் சரிபார்க்கும்போதே, இப்போது அவன் எழுந்திருப்பான், இப்போது காபி குடித்துக்கொண்டிருப்பான், இப்போது இவளுக்கு எழுத உட்கார்ந்திருப்பான் என்று மனம் கணக்குப் போடும். முகம் தெரியாத ஒருவனுடைய நாள் முழுவதையும் உதயா தன் தலையில் சுமந்துகொண்டு திரிந்தான். பொறாமை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வார்த்தை ஒன்றின் மேல் எவனாவது பொறாமைப்படுவானா? அந்த வார்த்தைக்கு அவள் கொடுத்த நேரமும் அக்கறையும் தனக்குக் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவே அவள் போன் ஒளிர்ந்தது. அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஏதோ எழுதினாள். "ஒரு நிமிசம் மாமா. அவுரு டைப் பண்ணிக்கினு கீறாரு." நிமிஷங்கள் போயின. அவளுடைய சோற்றின்மேல் குழம்பு ஏடு கட்டியது. உதயா தன் தட்டை முடித்துவிட்டுக் கையைக் கழுவாமல் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். கை காய்ந்தது. தின்னாமல், போனையே பார்த்துக்கொண்டு, யாருக்காகவோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். யாருக்காகவும் உட்கார மாட்டேன் என்று வீடதிரச் சொன்னவள்.

"உன் மத்தேயோ துன்ட்டாராமா?"

"அங்க இன்னும் சாயங்காலமே ஆவல மாமா." அவனுடைய குரலில் இருந்த குத்தல் அவள் காதில் விழவில்லை. போனைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த வாரம் அந்தச் சிரிப்பு காணாமல் போனது. கேட்டால், "ஆபீஸ்ல ஒரு கலாட்டா" என்றாள். என்ன கலாட்டா என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இத்தாலிக்காரனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மாங்கூழ் சாம்பிள் டின்களைத் திருப்பதியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுக்க வேண்டிய வேலை வந்தபோது, வழக்கமாகப் போகிற ஆளை விட்டுவிட்டு உதயாவே கேட்டு வாங்கிக்கொண்டான். டின்களைக் கொடுத்துவிட்டு, மாலையில் அவளோடு சேர்ந்து பஸ்ஸேறலாம் என்று அவள் ஆபீஸுக்குப் போனான். மருந்துக்கடைக்கு மேலே ஒரு நீளமான கூடம், நடுவே பாதிக் கண்ணாடித் தடுப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய திரையில் கட்டம் கட்டமாக வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு எதிரே, முதுகு மட்டும் தெரிய, சந்தியா.

"ராண்டி அண்ணா, கூச்சோண்டி" என்று நாற்காலி இழுத்துப் போட்டான் யோகேஷ். சந்தியாவின் டீம் லீடர், திருப்பதிப் பையன், தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பவன். "மீட்டிங் ஜரிகினு இருக்கு, இன்னும் முடியல. மேடம் பாவம். உங்களுக்கு விஷயம் சொல்லிருப்பாங்களே?"

"ஆங், சொன்னா" என்றான் உதயா.

"இங்க்லீஷ்ல சோறே இல்ல அண்ணா. ஆறு பாஷைலயும் சோறு வந்துடுச்சு. நான் வர லேட்டாகும், நீ சாப்பிட்டுட்டுத் தூங்குன்னு ஆறு பேரும் எழுதிட்டாங்க. அயர்லாந்துக்காரன் கேக்கறான், எங்க பொத்தான்ல சாப்பாடு எப்டிய்யா வந்துச்சுன்னு. பாத்தா மேடம் அப்டித்தான் எல்லாருக்கும் விளக்கிருக்காங்க. காத்திருக்கிறதுன்னா துன்னாம இருக்கிறதுன்னு." யோகேஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

உதயாவும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். கண்ணாடிக்கு மேலாகச் சந்தியாவின் குரல் வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் புரிய வேண்டுமென்று ஆங்கிலத்தை அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். அதனால் உதயாவுக்கும் புரிந்தது.

தப்பு என்னுடையதுதான், என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் காத்திருக்கிறவர் சாப்பிட்டிருக்க மாட்டார். எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மத்தேயோ, நீங்கள் கேட்டீர்களே, ஆண்தான். சோறு ஆக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். நான் தெருமுனை திரும்பியதும் போனை ஒளித்துக்கொண்டு உள்ளே ஓடுவார். கேட்டால், இப்போதுதான் பசிக்க ஆரம்பித்தது என்பார். கரண்டியைப் பார்த்தால் குழம்பு படாமல், கழுவியது கழுவியபடியே இருக்கும்.

திரையில் சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. நரைத்த தாடிக்காரர் ஒருவர் முன்னால் குனிந்து ஏதோ கேட்டார். யோகேஷ் காதருகே, "மத்தேயோ" என்றான். உதயா நினைத்திருந்த மத்தேயோவுக்கு இளம்வயது, சுருட்டை முடி. இவருக்கு மாமனார் வயது இருக்கும். ஆனாலும் ஆறுதல் ஏதும் வரவில்லை.

சாப்பிடுங்கள், காத்திருக்க வேண்டாம் என்று நீங்கள் அவரிடம் சொன்னதே இல்லையா? அதுதான் கேள்வி.

சந்தியா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இல்லை, என்றாள். சொன்னால் ஒருவேளை சாப்பிட்டுவிடுவார். நான் படியை வேகமாக ஏறிவிடுவேன், அவ்வளவுதான்.

யோகேஷ் மெதுவாகத் திரும்பினான். கண்ணில் குறும்பு வந்திருந்தது. "அண்ணா... ஆ மனிஷி மீரேனா? நீங்கதானா அது?"

உதயா எழுந்து, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டான். கீழே பைபாஸ் ரோட்டில் மொட்டைத் தலைகளோடு ஒரு வேன் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று அவனுக்கே தெரிந்தது. அவள் கவனித்திருக்கிறாள், கரண்டி வரைக்கும். ஆனால் சந்தோஷத்துக்குப் பதிலாக வேறொன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஸ்வீடன் வரைக்கும் தெரிந்திருக்கிறது. டச்சுக்காரிக்குத் தெரியும். மாமனார் வயதுத் தாடிக்காரருக்குத் தெரியும். அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் சொன்ன கதையில் படியில் உட்கார்ந்திருந்தானே ஒருவன், அவனை நினைத்தாலே அவள் குரல் எவ்வளவு மெத்தென்று ஆகிவிட்டது! அந்தக் குரலை இவன் வீட்டில் கேட்டதில்லை. அந்த ஆள்மீதே உதயாவுக்குப் பொறாமை வந்தது. கூடவே இன்னொன்றும். தனக்காக ஒருவர் காத்திருப்பது இவ்வளவு இனிக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அதைத் தான் மட்டும் தினமும் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டில் சந்தியா சீத்தாப்பழம் வாங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்திரகிரி தாண்டும்வரை அவளே பேசிக்கொண்டு வந்தாள். "ஆறு பாஷைலயும் சோத்த எடுத்துட்டாங்க மாமா. திரும்ப எழுதணும். மத்தேயோதான், சோறு இருக்கட்டுமே, நல்லாத்தான கீதுன்னு கடைசி வரைக்கும் சண்ட போட்டார். பாவம் மனுசன்."

"பாவந்தான்."

"இன்னா ஆச்சு உனக்கு? யோகேஷ் ஏதாச்சும் சொன்னானா?"

"அவன் இன்னாத்த சொல்றான். நீ சொன்னதத்தான் கேட்டுக்கினு இருந்தேன்."

பழத்தைப் பிளக்கப் போன அவள் கை நின்றது. "கேட்டியா?"

"படி, போனு, கரண்டி. எல்லாம்." அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஊருக்கெல்லாம் சொல்றியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"நீ கேட்டியா?"

"நான் எப்டி கேப்பேன்? கேக்காதன்னு நீதான உங்க வீட்ல நின்னுக்கினு சொன்ன?"

"அது வேற மாமா. அது நான் எங்கம்மா மாதிரி..." பஸ்ஸின் இரைச்சல் மிச்சத்தை விழுங்கிக்கொண்டது. அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்தாள். மாந்தோப்புகள் இருட்டத் தொடங்கியிருந்தன. திரும்பாமலே, "அம்மா பசியோட உக்காந்துனு இருப்பா, எங்கப்பா துன்ட்டு வந்துட்டேன்னுவார். அத பாத்துனே வளந்தேன் நான்" என்றாள்.

உதயாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது நியாயம், தான் கேட்க நினைப்பது நியாயமில்லை என்று மனசு நூறு தடவை தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்.

"எங்க வீட்ல யாரும் யாருக்காவவும் உக்காந்தது இல்ல, சந்தியா" என்றான். "எனக்கு முன்னால வந்தவன் துன்னுட்டுப் போயிருப்பான். நான் வந்தேனா இல்லியான்னு பாக்கறதுக்கு யாருக்கும் தெம்பு இருக்காது. தப்பு சொல்லல நானு. ஆனா..."

"ஆனா இன்னா?"

அவன் தலையாட்டினான். ஒன்றுமில்லை என்றுதான் அர்த்தம். அவள் பழத்தைப் பிட்டு ஒரு பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. அவள் மடியில் காகிதம் விரித்து, தன் பாதியிலிருந்து வெள்ளைச் சுளை ஒன்றை எடுத்தாள். பஸ் புத்தலப்பட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய சொந்த ஊர் ஸ்டாப். இறங்குவதற்காகக் கூடையும் மூட்டையுமாகச் சிலர் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்ற கிருஷ்ணப்பா அவன் நைனாவோடு கூலிக்குப் போன சேத்தாளி. உதயாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

உதயா தலையசைக்க மறந்து, சந்தியாவின் பக்கம் திரும்பினான். இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினான். ஸ்டாப்பில் நின்ற பஸ்ஸின் டாப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்க வேண்டியிருந்ததோ என்னவோ, டிரைவர் என்ஜினை நிறுத்தினார்.

"ஒரே ஒரு நாளு, நீ எனக்காவ துன்னாம உக்காந்துனு இரேன், சந்தியா."

பஸ் முழுவதும் கேட்டது. கிருஷ்ணப்பா படியில் வைத்த காலை எடுக்காமல் திரும்பிப் பார்த்தார். சந்தியாவின் விரல்களில் சீத்தாப்பழச் சுளை வாய்க்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றிருந்தது. அதன் சாறு ஒரு சொட்டு மணிக்கட்டு வழியாக இறங்கி, வளையலில் தேங்கி நின்றது.